எடை ஏறுகிறது, இரத்தம் ஏறவில்லை

குழந்தைகள் நலப் பிரிவில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னிடம் வந்தவர்கள் பெரும்பாலும் எடை குறைந்த பிள்ளைகள். இப்போது எடை கூடியவர்கள்தான் அதிகம். 5 முதல் 19 வயது வரையிலானவர்களில் எடை குறைந்தவர்களை உடல் பருமன் உள்ளவர்கள் உலகளவில் முதன்முறையாக முந்திவிட்டதாக 2025இல் யுனிசெஃப் சொன்னது. எனக்கு ஆச்சரியமாக இல்லை.

ஆனால் குண்டாக இருக்கும் பிள்ளைக்குச் சத்துக்குறைவே இராது என்று நினைத்துவிடக் கூடாது. ஆறு வயதுப் பையன் ஒருவன்; வயதுக்கு மீறிய எடை. கீழ் இமையை இறக்கிப் பார்த்தால் வெளுத்துக் கிடக்கிறது. ஹீமோகுளோபின் 9.8; அந்த வயதில் 11.5க்குக் கீழே போனாலே இரத்தசோகைதான். முந்தைய நாள் சாப்பிட்டதை வேளை வேளையாகக் கேட்டேன். காலையில் பாலும் பிஸ்கட்டும், மதியம் நூடுல்ஸ், மாலையில் சிப்ஸும் பாக்கெட் ஜூஸும், இரவு மறுபடி பால். வயிறு நிறைந்துவிடுகிறது, இரும்புச்சத்துதான் உள்ளே போகவில்லை. போதாததற்கு, பால் அதிகமானால் இருக்கிற இரும்பும் உடம்பில் சரியாகச் சேராது. ஜூஸ் பழம்தானே என்பார்கள். பழச்சாற்றின் சர்க்கரையையும் உலகச் சுகாதார நிறுவனம் குறைக்கச் சொல்லும் கணக்கில்தான் வைத்திருக்கிறது.

அம்மாவைக் குறை சொல்வது சுலபம் (எங்கள் துறையில் அது நிறையவே நடக்கிறது). சம்பளம் கூடிய குடும்பங்களில் பயண நேரமும் கூடியிருக்கிறது. இருவரும் வீடு திரும்ப இருட்டிவிடுகிறது. அவர்களிடம் ‘வீட்டுச் சாப்பாடு கொடுங்கள்’ என்று எழுதி நீட்டுவது வெறும் காகிதம். அதனால் நான் முதலில் கேட்பது, மாலை நாலிலிருந்து ஏழு வரை பிள்ளையோடு யார் இருக்கிறார்கள் என்பதைத்தான். விளையாட இடம் உண்டா என்றும் கேட்பேன். தினமும் ஒரு மணி நேரம் ஓடியாட வேண்டிய வயது. குடியிருப்பில் காலியாக இருந்த இடமெல்லாம் கார் நிறுத்தமாகிவிட்டது என்பார்கள்.

அந்தப் பையனோடு இருப்பவர் பாட்டி. மருத்துவர் இரும்புச்சத்து சிரப் எழுதினார். நான் பாட்டியிடம் போனில் பேசினேன். இரவுப் பாலை நிறுத்துங்கள், மாலையில் ஜூஸுக்குப் பதில் வேகவைத்த பயறும் ஒரு ஆரஞ்சும் கொடுங்கள் என்றேன்.

“அழுதா என்னம்மா பண்றது?”

“முதல் வாரம் அழுவான் பாட்டி, வீட்டில் ஜூஸ் பாக்கெட்டே வாங்கி வைக்காதீங்க.”