250 சொற்களுக்குள் ஒரு டிரெய்னி

அக்டோபர் 5, ஞாயிறு

லண்டன் சட்ட நிறுவனம் ஒன்றின் டிரெய்னிங் கான்ட்ராக்ட் விண்ணப்பத்தைத் திறந்தேன். சொலிசிட்டர், அதாவது கட்சிக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லும் வழக்கறிஞர், ஆவதற்கான பயிற்சி வேலை அது. படிப்பு, மதிப்பெண், வேலை விவரம் எல்லாம் சட்டென்று முடிந்தன. அப்புறம் வந்தன திறன் கேள்விகள். நுணுக்கமாகக் கவனித்துச் செய்த வேலை ஒன்று, குழுவாகச் செய்த வேலை ஒன்று. ஒவ்வொன்றுக்கும் 250 சொற்கள். பெரிய நிறுவனங்கள் இரண்டு ஆண்டு முன்னதாகவே ஆள் எடுப்பதால், வேலை தொடங்கும்போது நான் எப்படி இருப்பேன் என்பதையும் இதை வைத்தே ஊகிக்க வேண்டும். பாவம் அவர்களும்.

அக்டோபர் 8, புதன்

ஸ்டார் முறை எல்லோருக்கும் தெரியும்: சூழல், பணி, செயல், விளைவு. முறையில் குறையில்லை. ஆனால் பாதி இடத்தைச் சூழலே தின்றுவிடுகிறது. சூழலுக்கும் பணிக்கும் சேர்த்து 50 சொற்கள், செயலுக்கு 150, மிச்சம் விளைவுக்கு என்று வைத்துக்கொண்டேன். எதைக் கேட்டாலும் மூட் போட்டியையே (மாணவர்களின் மாதிரி நீதிமன்ற வாதம்) எழுது என்கிறாள் தோழி. எனக்கு அதில் சம்மதமில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

டிரெய்னி என்ன வேலை செய்வார் என்று யோசித்த பிறகுதான் எந்த உதாரணத்தை எடுப்பது என்பது தெளிவானது. இரண்டு ஆண்டு, பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒரு துறையாக நான்கு. வழக்குத் துறையில் நீதிமன்றத்துக்கான ஆவணக் கட்டுகளைப் பக்க எண் பிசகாமல் அடுக்க வேண்டும். கம்பெனித் துறையில் கையெழுத்துப் பக்கங்களைத் துரத்திச் சேகரிக்க வேண்டும். இதற்கு என் மருந்துக்கடை வேலை நன்றாகப் பொருந்துகிறது. ஒரே பெயரில் இரண்டு பேருக்கு மருந்துப் பைகள் காத்திருந்தன. பிறந்த தேதியும் முகவரியும் கேட்ட பிறகே கொடுத்தேன். பிறகு அப்படிப்பட்ட பைகளில் ஒரு நிறச் சீட்டு ஒட்டலாம் என்று மேலாளரிடம் சொன்னேன், அது வழக்கமாகிவிட்டது. கவனித்தேன் என்று சொல்வதோடு நிற்காமல், அதனால் என்ன மாறியது என்பதையும் எழுத முடிகிறது.

அக்டோபர் 19, ஞாயிறு

இன்று குழு கேள்வி. "எல்லோரும் ஒத்துழைத்தோம்" என்று எழுதினால் என் பங்கு எது என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? சின்னதாக ஒரு கருத்து வேறுபாடு இருந்தால் பதில் உயிர் பெறும் என்று தோன்றுகிறது. பல்கலைக்கழகச் சட்ட உதவி மையத்தில் வாடகை முன்பணப் பிரச்சினை ஒன்று வந்தது. இங்கிலாந்தில் வீட்டுக்காரர் முன்பணத்தைப் பெற்ற 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். தவறினால் அந்தத் தொகையைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை கொடுக்க நேரலாம். உடனே கடிதம் போடலாம் என்றார் சக மாணவர். பணம் கைமாறிய தேதிக்கு ஆதாரம் பார்த்துவிட்டு எழுதலாம் என்றேன் நான். அவர் வாக்கியங்களை எழுத, நான் வங்கிக் கணக்கைப் பார்த்துத் தேதிகளை அடுக்கினேன். இதை எழுதினேன். வாடகைதாரரை அடையாளம் காட்டும் எதுவும் பதிலில் இல்லை. கட்சிக்காரர் ரகசியம் காப்பது சொலிசிட்டரின் கடமை. விண்ணப்பத்திலேயே அதைக் கொட்டுபவரை யார் எடுப்பார்கள்?

நவம்பர் 2, ஞாயிறு

முதல் விண்ணப்பம் போய்விட்டது. சொலிசிட்டர் தகுதித் தேர்வான எஸ்.கியூ.இ.யின் இரண்டாம் கட்டத்திலும் கட்சிக்காரரை நேர்காணுதல், வாதிடுதல், ஆவணம் வரைதல் போன்ற திறன்களையே 16 பணிகளில் சோதிக்கிறார்கள், ஆக இந்தப் பழக்கம் வீண்போகாது. அடுத்த நிறுவனம் அதே குழு கேள்வியை 100 சொற்களில் கேட்கிறது. சூழலை ஒரே வரியாக வெட்டினேன், மடங்குக் கணக்கு போயிற்று. கருத்து வேறுபாட்டில் மட்டும் கை வைக்கவில்லை.