ஓர் அலுவலகக் கட்டடம் ஒரே மேசையில் உருவான விதம்

எங்கள் நிறுவனம் வாடகைத் தளங்களை விட்டுச் சொந்தக் கட்டடத்துக்குப் போவதென்று முடிவானதிலிருந்து, குடியேறி ஓராண்டு கழியும் வரை, கட்டுவிப்பவர் தரப்பில் அந்த வேலையைக் கவனித்தவன் நான். கட்டடக் கலையோ பொறியியலோ நான் படித்ததில்லை; நிர்வாகப் பிரிவில் நெடுங்காலம் இருந்ததால் பொறுப்பு என்னிடம் வந்தது. மின்சாரத்தையும் நீரையும் சிக்கனமாகச் செலவழிக்கும், உள்ளே வேலை செய்பவர்களுக்கும் உகந்த அலுவலகம் ஒன்றை உருவாக்கும் வேலை நடைமுறையில் எப்படி நகர்கிறது என்பதை, இதே நாற்காலியில் நாளை உட்காரப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். கூரையில் சூரியத் தகடு, விலை உயர்ந்த கண்ணாடி, சுவரில் மாட்டச் சான்றிதழ் என்று பசுமைக் கட்டடத்தைக் கடையில் வாங்கும் பொருளாகவே பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்த வரையில், பலன் பெரும்பாலும் யார் யார் எந்தக் கட்டத்தில் சேர்ந்து உட்கார்ந்தார்கள் என்பதில்தான் இருந்தது.

வழக்கமான முறையில் கட்டடக் கலைஞர் உருவத்தை வரைந்து முடிப்பார். கட்டமைப்புப் பொறியாளர் தூண்களையும் உத்தரங்களையும் கணக்கிடுவார். அதன் பிறகு குளிர்சாதனப் பொறியாளரிடம் வரைபடம் போகும். மின்பொறியாளரும் உள்ளலங்கார வடிவமைப்பாளரும் கடைசியில் வருவார்கள். கட்டடம் எந்தத் திசையைப் பார்க்கிறது, எவ்வளவு அகலம், வெளிச்சுவரில் எவ்வளவு கண்ணாடி, ஒரு தளத்தின் உயரம் என்ன என்பவையெல்லாம் குளிர்சாதனப் பொறியாளர் வாய் திறப்பதற்கு முன்பே முடிவாகியிருக்கும். வந்து சேரும் வெப்பத்துக்கு ஏற்ற எந்திரத்தைத் தேர்ந்தெடுப்பது மட்டுமே அவருக்கு மிச்சம். 1990களில் கனடா அரசு சி-2000 என்ற பெயரில் சிக்கனமான வணிகக் கட்டடங்களுக்கு உதவித்தொகை வழங்கியபோது கிடைத்த பாடம் இங்கே பொருத்தமானது: உயர்தர உபகரணங்களுக்குக் கொடுத்த பணத்தைவிட, வடிவமைப்பாளர்களைத் தொடக்கத்திலேயே ஒன்றாக உட்கார வைத்ததே அதிகம் பலன் தந்தது என்று அந்தத் திட்டத்தை நடத்தியவர்களே கண்டார்கள். பசுமைக் கட்டடங்களுக்கு வழங்கப்படும் லீட் தரச்சான்றின், 2013இல் வெளிவந்த நான்காம் பதிப்பு இந்த ஒருங்கிணைந்த நடைமுறைக்கென்றே தனியாக மதிப்பெண் வைத்தது.

ஒன்றாக உட்கார வைப்பது சொல்வதற்கு எளிது. ஒப்பந்தங்கள் அதற்கு எதிராக எழுதப்பட்டிருக்கின்றன. குளிர்சாதனப் பொறியாளரின் கட்டணம் அவர் வடிவமைக்கும் எந்திரங்களின் மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று இருக்குமானால், எந்திரத்தைச் சிறிதாக்க அவர் யோசிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவருக்கே நட்டம். அதோடு, பெரிய எந்திரம் போட்டதற்காக எவரும் வழக்குத் தொடுப்பதில்லை; அறை வியர்த்தால்தான் தொலைபேசி அடிக்கும். ஆகவே எல்லா ஆலோசகர்களுக்கும் கட்டணத்தை ஒரே தொகையாகப் பேசி முடித்தோம். கருத்து வரைவுக் கட்டத்துக்கான பங்கை வழக்கத்தைவிட உயர்த்தினோம். ஒரு பகுதியைக் குடியேறி ஓராண்டு ஆன பிறகே தருவதென்று எழுதிக்கொண்டோம். எங்கள் நிதிப் பிரிவை இதற்குச் சம்மதிக்க வைப்பதற்குத்தான் முழு வேலையிலும் அதிகமாக வாதாட வேண்டியிருந்தது. ஒரு கோடுகூட வரையப்படாத நிலையில் எதற்கு இவ்வளவு பணம் என்று கேட்டார்கள். கோடு வரைந்த பிறகு மாற்றுவதற்கு ஆகும் செலவைப் பழைய தளங்களின் கணக்கிலிருந்து எடுத்துக் காட்டியபோது ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்தது, எங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லும் தேவை ஆவணம். நவீனமான, சூழலுக்கு இணக்கமான அலுவலகம் என்று எழுதினால் அதை எவரும் அளக்க முடியாது. மாறாக, ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டில் எத்தனை யூனிட், உள்ளே கரியமில வாயுவின் அளவு எந்த வரம்புக்குள், மேசை மீது எத்தனை லக்ஸ் ஒளி, கூட்ட அறைக்குள் எவ்வளவு இரைச்சல் வரை பொறுக்கலாம் என்று எண்களில் எழுத வைத்தார் குளிர்சாதனப் பொறியாளர். அந்த எண்களுக்காக நாங்கள் எங்களையே விசாரிக்க வேண்டியிருந்தது. பணியாளர் பட்டியலில் இருக்கும் எண்ணிக்கை வேறு, ஒரு நாளில் உண்மையில் வந்து உட்காருபவர்களின் எண்ணிக்கை வேறு. நுழைவு அட்டைப் பதிவுகளைப் பார்த்தபோது, நாங்கள் கேட்கவிருந்த தளப்பரப்பு கணிசமாகக் குறைந்தது. கட்டாமல் விட்ட பரப்புக்குச் சிமெண்டும் வேண்டாம், குளிர்ச்சியும் வேண்டாம்; இதைவிட மலிவான பசுமை நடவடிக்கை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வெப்பநிலை பற்றிய விவாதம் சூடாகவே நடந்தது. மேலதிகாரிகள் 22 டிகிரி கேட்டார்கள். மனிதருக்கு உகந்த சூழல் என்பது வெப்பமானி காட்டும் எண் மட்டுமன்று. காற்றின் வேகம், ஈரப்பதம், சுற்றியுள்ள பரப்புகளின் வெப்பம், உடை, உடலுழைப்பு எல்லாம் சேர்ந்தது என்பதை ஆஷ்ரே என்னும் அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கத்தின் 55ஆம் எண் தரநிலையைக் கொண்டு பொறியாளர் விளக்கினார். மேலே மெதுவாக ஒரு விசிறி சுழன்றால் 26 டிகிரியும் இதமாகவே இருக்கும் என்றார். நம்பாதவர்களைப் பழைய அலுவலகத்தின் ஓர் அறையில் விசிறி மாட்டி, வெப்பநிலையைச் சொல்லாமல் உட்கார வைத்தோம். அதற்குப் பிறகு 22 என்ற பேச்சு எழவில்லை.

பிறகு எல்லாத் துறையினரும் ஒரே அறையில் கூடிய அமர்வுகள் தொடங்கின. கட்டடக் கலைஞர் தரை முதல் கூரை வரை கண்ணாடி போட்ட முகப்பு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். பகல் வெளிச்சம் வேண்டும் என்பது அவர் வாதம். சன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, ஏறத்தாழ அதன் இரண்டு மடங்கு தூரம் வரைதான் பயன்படும் வெளிச்சம் உள்ளே எட்டும். இடுப்புக்குக் கீழே இருக்கும் கண்ணாடி மேசைக்கு அடியைத்தான் வெளிச்சமாக்கும், வெப்பத்தை மட்டும் முழுதாக உள்ளே விடும் என்று ஒளி வடிவமைப்பாளர் அதே இடத்தில் வரைந்து காட்டினார். கீழ்க் கண்ணாடி போனது. மேற்குப் பக்கம் தாழ்ந்து வரும் மாலை வெயிலை எந்தச் சன்ஷேடாலும் தடுக்க முடியாது என்பதால் படிக்கட்டு, மின்தூக்கி, கழிப்பறைகள் எல்லாம் அந்தப் பக்கம் நகர்ந்தன. பொதுவெளிச்சத்தை 300 லக்ஸ் அளவில் நிறுத்தி, தேவைப்படும் மேசைக்குத் தனி விளக்கால் 500 வரை கொடுத்தபோது விளக்குகளின் மின்சுமை குறைந்தது. அது குறைந்ததால் அறைக்குள் சேரும் வெப்பமும் குறைந்தது. இதெல்லாம் கணினி மாதிரியில் அன்றன்றே ஓட்டிப் பார்க்கப்பட்டது. மாதிரி சொன்ன எண்களை நான் முழுமையாக நம்பவில்லை. ஆனால் இரண்டு வழிகளில் எது மேல் என்று சொல்வதில் அது நம்பகமாகவே இருந்தது.

வெப்பம் இந்த அளவுக்கு இறங்கிய பிறகுதான் குளிர்சாதனப் பொறியாளர் தம் பெரிய யோசனையை எடுத்து வைத்தார்: கான்கிரீட் தளத்துக்குள்ளேயே குழாய்களைப் பதித்து, மிதமான குளிர்நீரை ஓடவிட்டு, தளத்தின் அடிப்பரப்பையே, அதாவது கீழே உட்காருபவர்களின் கூரையையே, குளிர வைப்பது. ஒரே கன அளவுள்ள நீர், காற்றைப்போல் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். குளிர்ச்சியைக் காற்றில் ஏற்றிப் டக்டுகள் எனப்படும் பெரிய காற்றுக் குழாய்களில் தள்ளுவதற்குப் பதில் நீரில் ஏற்றினால், சுவாசத்துக்கு வேண்டிய புதுக்காற்றை மட்டும் சிறு டக்டுகளில் கொண்டுவந்தால் போதும். இரண்டு முறைகளையும் பக்கத்தில் பக்கம் வைத்து எங்கேயாவது பார்த்திருக்கிறார்களா என்று எங்கள் தலைமை கேட்டது. ஹைதராபாத்தில் இன்ஃபோசிஸ் நிறுவனம் ஒரே கட்டடத்தின் ஒரு பாதியை இந்த முறையிலும் மறு பாதியைச் செம்மையாக்கிய வழக்கமான ஏசி முறையிலும் கட்டி அளந்ததை அவர் எடுத்துக் காட்டினார். குளிர்சாதனத்துக்கான மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமானதாக அங்கே தெரிந்தது. அதோடு பேச்சு முடிந்தது. கட்டமைப்புப் பொறியாளர் ஏற்கெனவே மேசையில் இருந்ததால்தான் இது நடந்தது. தளத்தின் கம்பி வரைபடம் முடிந்த பிறகு குழாய் என்று சொல்லியிருந்தால் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் இந்த முடிவு ஒலியில் போய் முட்டியது. குளிர்ச்சி தளத்தின் அடியிலிருந்து வர வேண்டுமென்றால் அதை ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடக் கூடாது. வெறும் கான்கிரீட்டோ பேச்சொலியை அப்படியே திருப்பி அனுப்பும். அலுவலகத்தில் மனிதர்களை வாட்டுவது வெப்பத்தைவிடப் பக்கத்து மேசையின் உரையாடல் என்று உள்ளலங்கார வடிவமைப்பாளர் விடாப்பிடியாக நின்றார். அவர் சொன்னது சரியே. ஒலியுறிஞ்சும் பலகைகளைத் தளத்தோடு ஒட்டாமல், இடைவெளி விட்டுக் கம்பியில் தொங்கவிடலாம் என்பதில் பேச்சு போய் நின்றது. தளத்தின் பாதியை மறைத்தால் குளிர்ச்சியும் பாதியாகிவிடும் என்று நான் பயந்தேன். சுற்றிலும் காற்றோட்டம் இருந்தால் இழப்பு அதைவிட மிகக் குறைவு என்று பொறியாளர் கணக்குக் காட்டினார். மேலே சொன்ன விசிறிகள் இந்த இடைவெளியில் காற்றைச் சுழற்றி அந்த இழப்பையும் ஈடுகட்டின. பலகை, விசிறி, விளக்கு, தீயணைப்புத் தெளிப்பான் ஆகிய நான்கும் ஒன்றையொன்று மறைக்காமல் ஒரே கூரையில் இடம்பிடித்த அந்த வரைபடம்தான் எத்தனையோ முறை திரும்பத் திரும்ப வரையப்பட்டது.

சிமெண்டில் ஒரு பகுதிக்குப் பதில் இரும்பாலைக் கசடுத் தூளைச் சேர்த்தோம். அதில் கான்கிரீட்டின் தொடக்க வலிமை மெதுவாக ஏறும் என்பதால் முட்டுப் பலகைகளைப் பிரிக்கும் நாள் தள்ளிப்போகும். அதைக் கால அட்டவணையில் முன்கூட்டியே எழுதிவிட்டதால் ஒப்பந்ததாரரோடு சண்டை வரவில்லை. குளிர்சாதன எந்திரத்துக்குள் ஓடும் குளிர்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, அது கசிந்தால் கரியமில வாயுவைப்போல் எத்தனை மடங்கு புவியை வெப்பமாக்கும் என்ற எண்ணைப் பார்த்தோம்: ஆர்-410ஏ என்பதற்கு 2,000க்கும் மேல், ஆர்-32 என்பதற்கு 675 அளவில். சான்றிதழ் வேலை பெரும்பாலும் காகித வேலை. அதற்கென்று ஒருவரைத் தனியாக வைத்தால் வடிவமைப்பாளர்கள் நிம்மதியாக இருப்பார்கள்.

டெண்டர் கட்டத்தில்தான் கட்டடம் சத்தமில்லாமல் மாறிப்போகும். ‘அதற்கு இணையான பொருள்’ என்ற சொற்றொடர் ஒப்பந்தத்தில் இருக்கும். அதன் வழியாக என்ன வேண்டுமானாலும் உள்ளே வரலாம். கண்ணாடி சப்ளையர் ஒருவர், அதே நிறம், அதே கனம், விலை குறைவு என்று ஒரு மாதிரியைக் கொண்டுவந்தார். இரண்டு மாதிரிகளையும் வெள்ளைத்தாள் மேல் வைத்து வெயிலில் பார்த்தபோது என் கண்ணுக்கு வேறுபாடே தெரியவில்லை. சோதனைச் சான்றில் சூரிய வெப்ப ஊடுருவல் எண் நாங்கள் குறித்ததற்கு 0.28 என்றும், அவருடையதற்கு 0.42 என்றும் இருந்தது. கண்ணாடி வழியே வரும் வெயில் வெப்பம் ஒன்றரை மடங்கு. தளத்தில் பதித்த குழாய்களால் அதைத் தாங்க முடியாது. வழக்கமான ஏசியாக இருந்தால் பெரிய எந்திரம் அந்த வேறுபாட்டை விழுங்கி மின்கட்டணத்தில் கக்கியிருக்கும். ஒவ்வொரு மாற்றுப் பொருளும் எல்லா ஆலோசகர்களின் கையெழுத்தோடுதான் ஏற்கப்படும் என்ற விதி அன்று பயன்பட்டது.

கட்டி முடித்ததும் சாவியை வாங்கிக்கொள்வது வழக்கம். நாங்கள் கமிஷனிங் வேலைக்கு, அதாவது எல்லாக் கருவிகளும் வடிவமைத்தபடி ஓடுகின்றனவா என்று சோதிப்பதற்கு, ஒரு தனி ஆளை நியமித்திருந்தோம். அவர் ஒப்பந்ததாரருக்குக் கீழே இல்லாமல் நேரே எங்களுக்குப் பதில் சொல்பவர். கையில் புகைக் குச்சியோடு ஒவ்வோர் அறையாகப் போய்க் காற்று எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தார். ஒரு தளத்தில் புதுக்காற்றுத் தடுப்புகள் கணினித் திரையில் திறந்திருப்பதாகக் காட்டின. ஏணி வைத்து ஏறிப் பார்த்தால் மூடியிருந்தன. மோட்டாரின் சுழற்சித் திசையைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தார்கள். கூட்ட அறை ஒன்றில் கரியமில வாயு உணரி புதுக்காற்று விழும் இடத்துக்கு நேர் எதிரே இருந்தது; பத்துப் பேர் உட்கார்ந்து பேசினாலும் அது வெளிக்காற்றின் அளவான 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) என்பதையொட்டியே காட்டிக்கொண்டிருந்தது. புதுக்காற்றைத் தள்ளும் விசிறிகளின் மோட்டார்கள் முழு வேகத்தில் ஓடுவதையும் அவர்தான் கண்டுபிடித்தார். வேகத்தை 80 விழுக்காடாக இறக்கினால் மின்சக்தி ஏறத்தாழ பாதியாகும் என்பது விசிறிகளின் அடிப்படை விதி. புதுக்காற்று அளவு போதுமானதாக இருக்கிறதா என்று அளந்துவிட்டு இறக்கினோம். கதவைத் திறந்தே வைக்கும் வரவேற்பறையில் மட்டும் ஈரப்பதம் ஏறித் தளத்தின் அடியில் நீர் அரும்பும் அபாயம் இருந்ததால், அங்கே குழாய் நீரின் வெப்பநிலை, காற்றின் ஈரம் நீராக அரும்பத் தொடங்கும் வெப்பநிலைக்கு மேலேயே நிற்குமாறு கட்டுப்பாடு மாற்றப்பட்டது.

குடியேறிய பிறகு நடந்ததைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது. 1995 முதல் 2002 வரை பிரிட்டனில் நடந்த புரோப் ஆய்வுகள், குடியேறிச் சில ஆண்டுகள் ஆன கட்டடங்களுக்குள் போய் அளந்து, வடிவமைப்பின்போது சொன்னதைவிட அதிக ஆற்றல் செலவாவதை வெளிப்படையாக எழுதின. ஆஸ்திரேலியாவின் நேபர்ஸ் மதிப்பீடு வரைபடத்தைப் பார்க்காமல் உண்மையான மின்கட்டண ரசீதைப் பார்த்தே நட்சத்திரம் தருகிறது. நாங்களும் அந்த வழியையே பின்பற்றி, விளக்கு, குளிர்சாதனம், மேசைக் கருவிகள், சர்வர் அறை ஒவ்வொன்றுக்கும் தனி மீட்டர் வைத்திருந்தோம். கட்டணத்தில் நிறுத்தி வைத்த பகுதி அந்த மீட்டர்களைப் பார்த்தே வழங்கப்பட்டது. குளிர்சாதனமும் விளக்கும் இலக்குக்கு உள்ளேயே நின்றன. இலக்கைத் தாண்டியது இரவுநேரச் சுமை. ஆளில்லாத கட்டடத்தில் திரைகளும் சார்ஜர்களும் பழைய அலுவலகத்திலிருந்து கூடவே வந்த சர்வர்களும் விடியும் வரை மின்சாரம் குடித்தன. திரைகளுக்கு நேரக் கட்டுப்பாடு போட்டாகிவிட்டது. சர்வர்களை எங்கே மாற்றுவது என்பது குறித்துத் தகவல் தொழில்நுட்பப் பிரிவோடு இப்போதும் பேசிக்கொண்டிருக்கிறோம்; அந்த அறைக்குரிய தனி ஏசியை அதுவரை நிறுத்த முடியாது.