நைட்ரோ இஞ்சினில் ஷிம்மைத் தொடுவதற்கு முன்

நைட்ரோ எரிபொருளில் ஓடும் ஆர்சி (ரிமோட்டில் ஓட்டும் சிறிய) கார் இஞ்சினில் ஸ்பார்க் ப்ளக்கும் கிடையாது, தீப்பொறி விழும் நேரத்தை முன்பின் நகர்த்தும் ஏற்பாடும் கிடையாது. க்ளோ ப்ளக்கின் கம்பியிலுள்ள பிளாட்டினம் மெத்தனாலுக்கு வினையூக்கியாகி எழுப்பும் சூடும், பிஸ்டன் மேலேறி அழுத்துவதால் பிறக்கும் சூடும் சேர்ந்தே கலவையைப் பற்றவைக்கின்றன. ஆகையால் கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் கலவையை அழுத்தும் அளவை, கூட்டினால் தீ முன்னதாகவே பிடிக்கும், குறைத்தால் தாமதமாகும். கம்ப்ரஷன் கூடினால் பவர் கூடும் என்ற ஒரே கணக்கில் ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடியை) கழற்றுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

தருமபுரியில் ஓட்டும் எங்களில் சிலர், ஓசூருக்குக் காரைக் கொண்டுபோகும்போதெல்லாம் ஒரு ஷிம்மை எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். ஷிம் என்பது ஹெட்டுக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகட்டு வளையம்; அதை எடுத்தால் கம்ப்ரஷன் கூடும். ஓசூர் இங்கிருந்து 400 மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருப்பதால், அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 5 சதவீதம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அவ்வூரின் குளிர்ச்சி அந்த இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டிவிடுகிறது. மிச்சமுள்ள வேறுபாட்டுக்கு நீடிலை (கார்புரேட்டரில் எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் திருகை) சிறிது மூடுவதே போதும் என்பது என் கருத்து. அப்படியும் ஐடிலில் இஞ்சின் தொய்ந்தால், அடுத்து மாற்றிப் பார்க்க வேண்டியது ஒரு படி சூடான (சூட்டைக் கூடுதலாகத் தக்கவைக்கும்) ப்ளக்கைத்தான்.

ஷிம்முக்கு உண்மையான வேலை வருவது எரிபொருளின் நைட்ரோ (நைட்ரோமீத்தேன்) அளவு மாறும்போது. 16 சதவீதத்துக்கு அமைத்த இஞ்சினில் 25 அல்லது 30 சதவீத எரிபொருளை ஊற்றினால் கலவை சீக்கிரமே பற்றிக்கொள்ளும், அப்போது 0.1 மி.மீ. ஷிம் ஒன்றைச் சேர்த்துக் கம்ப்ரஷனைக் குறைக்க வேண்டியிருக்கும். 16 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரில் இந்த ஒரு ஷிம் கூட்டும் இடம் 0.02 சி.சி. மட்டுமே என்றாலும், எரியறையே மிகச் சிறியது என்பதால் அந்த மாற்றம் ஓட்டத்தில் நன்றாகவே தெரியும். கம்ப்ரஷன் மிகுந்த இஞ்சினை, முழு வேகத்தில் கடுகு பொரிவது போன்ற சத்தத்தைக் கொண்டு அறியலாம். சத்தத்தில் ஐயமிருந்தால் ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள்: கம்பி நசுங்கியோ திருகியோ இருக்கும், ஹெட் பட்டனின் (எரியறையின் கூரையாக அமையும் ஹெட்டின் உட்பகுதியின்) விளிம்பு மணல் அடித்ததுபோல் சொரசொரப்பாகியிருக்கும். ஆனால் நீடில் அளவுக்கு மீறி மூடியிருந்தாலும் இவ்வறிகுறிகளில் சில தோன்றும் என்பதால், முதலில் அதைத் திறந்து பார்த்த பிறகே ஹெட்டில் கை வைக்க வேண்டும்.

ஷிம்மை மாற்றுவதற்கு முன், உச்சத்தில் நிற்கும் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அளந்து குறித்துக்கொள்வது அவசியம். ப்ளக் துளை வழியாக மெல்லிய சால்டரிங் ஈயக் கம்பியைச் சிலிண்டர் சுவரைத் தொடும்வரை நுழைத்து, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பிஸ்டனை உச்சம் தாண்டவிட்டு, நசுங்கிய நுனியை அளந்தால் போதும். இதற்கு வெர்னியரைவிட மைக்ரோமீட்டரே நம்பகமானது.

குளிர்பான டப்பாவின் தகட்டில் ஷிம் வெட்டுபவர்களும் உண்டு. அதன் தடிப்பு ஏறக்குறைய 0.1 மி.மீ. இருப்பது வசதிதான் என்றாலும், கத்தரித்த விளிம்பில் பிசிறு நின்றால் ஹெட் சமமாக அமராமல் கம்ப்ரஷன் கசியும். இஞ்சினுக்கென்றே விற்கும் ஷிம்மை வாங்குவதே மேல். ஹெட் போல்ட்டுகளை எதிரெதிர் வரிசையில், சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். பிறகு பழைய நீடில் அளவை நம்பாமல், சற்று அதிகம் திறந்து வைத்து, ட்யூனிங்கை மறுபடியும் தொடங்க வேண்டும்.