அம்மாவின் தலைக்கு அவுரி

அம்மாவின் நெற்றியோரம் இப்போதும் பச்சையாக ஒரு கோடு இருக்கிறது. காலையில் நரையைக் கறுப்பாக்கப் பூசிய அவுரி இலை விழுது வழிந்து காய்ந்த தடம்.

போன மாதம் பார்லரில் 1,200 ரூபாய் கொடுத்து டை அடித்தோம். மூன்றாம் நாள் காதுக்குப் பின்னால் தடிப்பு, அரிப்பு. பல டைகளில் இருக்கிற பிபிடி என்ற ரசாயனம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பாவம், ராத்திரியெல்லாம் தூங்கவில்லை.

இந்த முறை நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். மருதாணிப் பொடி, அவுரிப் பொடி, இரண்டும் சேர்த்து 150 ரூபாய்கூட ஆகவில்லை. பிபிடி கலக்காததா என்று பாக்கெட்டைப் படித்துப் பார்த்தே வாங்கினேன். ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க, அம்மாவின் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பொறுத்தோம்.

மருதாணியை முந்தின ராத்திரியே டீ டிகாஷனில் குழைத்து இரும்புச் சட்டியில் ஊறவைத்தாயிற்று. அது மட்டும் பூசினால் நரை செம்பட்டையாகிவிடும். அலசிய பிறகுதான் அவுரி. இதை ராத்திரி முழுக்க ஊறவைக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, கால் மணி நேரத்தில் பூச ஆரம்பித்துவிட வேண்டும். பச்சை மாவு மேலாக மெல்ல மெல்ல நீலமாகத் திரும்பும். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

பின்கட்டுப் படியில் அம்மா எனக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். வகிடு இவ்வளவு அகன்றுவிட்டது என்று இன்றுதான் கவனித்தேன். எனக்குப் பேன் பார்த்துச் சடை பின்னிய கைகள் மடியில் சும்மா கிடந்தன.

ஆயிரம் ரூபாய் மிச்சம், சரி.

அம்மாவின் தலையை நான் தொட்டு எத்தனை வருஷம் ஆகிறது?