துரு முதல் சாலை வரை: எம்ஜிபி காரை வீட்டிலேயே புதுப்பித்த அனுபவம்

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கப் போகிறவர் எஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேட்டு மயங்கிவிடக் கூடாது. எஞ்சினை எப்போது வேண்டுமானாலும் இறக்கிச் சரிசெய்துகொள்ளலாம். அதற்கான உதிரிபாகங்களுக்கும் பஞ்சமில்லை. முழங்காலிட்டு அமர்ந்து, கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் ஸில்லைத் தட்டிப் பார்ப்பதுதான் முதல் வேலை. லண்டனின் வடமேற்குப் புறநகரில் எங்கள் வீட்டுக் கராஜில் நான் புதுப்பித்த 1971ஆம் ஆண்டு ரோட்ஸ்டர் (கூரையில்லாத எம்ஜிபி), பார்க்கப் போன அன்றே சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிட்டது. ஆனால் இடப்பக்க ஸில்லில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தியபோது, பெயின்ட்டுக்கு அடியில் அப்பியிருந்த பட்டியும் துருவும் சேர்ந்து பொலபொலவென உதிர்ந்தன. அதைக் காட்டித்தான் விலையைக் குறைத்துப் பேசினேன்.

ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே உள்ள அபிங்டனில் 1962 முதல் 1980 வரை உருவான இந்தக் காரும், அதன் கூரையுள்ள வடிவமான ஜிடியும் சேர்ந்து 5 லட்சத்துக்கும் மேல் விற்றன. வீட்டிலேயே புதுப்பிக்க விரும்புகிறவருக்கு இதைவிடத் தோதான கார் கிடைப்பது அரிது என்று நான் கருதுவதற்கு அந்த எண்ணிக்கையே முதற்காரணம். பழைய அச்சுக் கருவிகளைத் தேடிப் பிடித்து, 1988ஆம் ஆண்டிலிருந்து முழு உடற்கூட்டையே புதிதாகச் செய்து விற்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவனுக்கு இன்னொரு நெருக்கமும் உண்டு. அம்பாசடரில் நெடுங்காலம் ஓடிய 1489 சிசி எஞ்சினும் எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சினும் பிரிட்டிஷ் மோட்டார் நிறுவனத்தின் ஒரே பி வரிசையைச் சேர்ந்தவை. பானெட்டைத் திறந்ததும் அந்த ராக்கர் மூடியையும், பக்கவாட்டில் நிற்கும் டிஸ்ட்ரிபியூட்டரையும் ஊர்ப் பட்டறைகளில் பலமுறை பார்த்திருந்ததால், கை வைப்பதற்குத் தயக்கமே எழவில்லை.

தயங்க வைத்தது தகரம்தான். இதற்கு முந்தைய எம்ஜிஏ காருக்குத் தனிச் சேஸி இருந்தது. எம்ஜிபியிலோ உடற்கூடே சேஸியின் வேலையையும் செய்கிறது. கூரையில்லாத ரோட்ஸ்டரில் முன்பாதியையும் பின்பாதியையும் இணைத்துப் பிடித்திருப்பவை பெரும்பாலும் இரு பக்க ஸில்களும் நடுவே கியர்பாக்ஸுக்காக உயர்ந்து ஓடும் சுரங்கமும்தான். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு, இவற்றை அடியில் தாங்கும் காஸில் ரெயில் எனப் பல அடுக்குகள் சேர்ந்ததே ஒரு ஸில். குளிர்காலத்தில் பனியை உருக்க இங்கே சாலைகளில் தூவும் உப்பு, முன்சக்கரம் வாரியடிக்கும் சேற்றோடு மட்கார்டுக்குப் பின்னால் போய்ப் படிந்து, இந்த அடுக்குகளை உள்ளிருந்தே அரித்துவிடுகிறது. வெளியே தெரியும் தகட்டின் மேல் இன்னொரு தகட்டை ஒட்டவைத்துப் பெயின்ட் அடித்து விற்கும் டிங்கரிங் வேலை இந்த நாட்டிலும் தாராளமாக நடக்கிறது. என் காரில் அப்படி இரண்டு தலைமுறை ஒட்டுகள் இருந்தன.

சரியாகச் செய்ய வேண்டுமென்றால் முன் மட்கார்டைக் கழற்றியே ஆக வேண்டும். நல்லவேளையாக அது போல்ட்டில்தான் நிற்கிறது. பின் மட்கார்டு உடலோடு வெல்டிங் செய்யப்பட்டிருக்கிறது. ஸில்லை வெட்டுவதற்கு முன், காரைச் சமதளத்தில் பல இடங்களில் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்தி, கதவைக் கழற்றி, கீல் நிற்கும் தூணிலிருந்து பூட்டு நிற்கும் தூணுக்கு இரும்புச் சதுரக் குழாயைக் குறுக்கே பொருத்தினேன். இது இல்லாமல் வெட்டினால் கார் நடுவில் தொய்ந்துவிடும். புது ஸில்லை அந்தத் தொய்வோடு பற்றவைத்துவிட்டால் கதவு பிறகு எந்தக் காலத்திலும் ஒழுங்காக மூடாது. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் திறக்கவே கூடாது என்பது இன்னொரு கட்டாயம். ஒரு பக்கத்தில் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டு விடுவித்து, அரித்ததை நல்ல தகரம் தெரியும்வரை வெட்டி எறிந்து, புதுத் தகடுகளை முதலில் கிளாம்பில் மட்டும் நிறுத்தி, கதவை மாட்டி மூடிப் பார்த்து, இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக வந்த பிறகே பற்றவைத்தேன். கதவை மாட்டுவதும் கழற்றுவதுமாகவே பல சனிக்கிழமைகள் போயின. வேலை நகரவில்லையே என்று அப்போது எரிச்சலாக இருக்கும். ஆனால் இந்தக் கட்டத்தில் காட்டும் பொறுமைக்கு மாற்றே கிடையாது.

வெல்டிங்கை உள்ளூர்க் கல்லூரியின் மாலை வகுப்பில் கற்றுக்கொண்டிருந்தேன். 0.6 மில்லிமீட்டர் கம்பி, ஆர்கன் கலந்த வாயு, ஒரே இழுப்பாக ஓட்டாமல் விட்டுவிட்டுச் சின்னச் சின்னப் பொட்டுகள் என்பதுதான் மெல்லிய தகட்டுக்கு உகந்த முறை. அதைவிட முக்கியமானது அதற்கு முந்தைய ஏற்பாடு: டிக்கிக்கு அடியிலுள்ள பெட்ரோல் டேங்கைக் கழற்றிக் கராஜுக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும், பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் துண்டிக்க வேண்டும், தரைவிரிப்பு ஒன்றுவிடாமல் எடுத்துவிட வேண்டும், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

பெயின்ட்டை நான் அடிக்கவில்லை. இன்றைய இரண்டு கலவைப் பெயின்ட்டில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கக்கூடியது. அதற்கு வெளியிலிருந்து காற்றுத் தரும் முகமூடியும் தனி அறையும் வேண்டும். பிரைமர்வரை நானே முடித்து, மீதியைப் பட்டறைக்குக் கொடுத்துவிட்டேன். கார் திரும்பி வந்ததும் ஸில்லின் உட்குழிவுகளுக்குள் மெழுகுக் கலவையைப் பீய்ச்சி, அடியிலுள்ள வடிகால் துளைகள் அடைபடவில்லை என்பதைக் கம்பி விட்டு உறுதிசெய்துகொண்டேன்.

எஞ்சினில் கம்ப்ரெஷன் நான்கு சிலிண்டரிலும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தது. சூடான பிறகும் ஆயில் அழுத்தம் கையேடு சொல்லும் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டுக்கு மேலேயே நின்றது. ஆகவே சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோர் தேவைப்படவில்லை, வால்வுகள் இருக்கும் ஹெட்டை மட்டும் இறக்கினேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. இந்த எஞ்சினில் வால்வு உட்காரும் இடம் வார்ப்பிரும்பிலேயே கடையப்பட்டது. பெட்ரோலிலிருந்த ஈயம்தான் அதற்குக் காப்பாக இருந்துவந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் பிரிட்டனில் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு நின்றுபோனதால், எக்ஸாஸ்ட் வால்வுகள் சிறுகச் சிறுக உள்ளே புதையும். லேத் பட்டறையில் கொடுத்து, கடினப்படுத்திய இருக்கை வளையங்களைப் பதித்து வாங்கிவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது. டாப்பெட் வைப்பதற்கு, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்வதற்கு, ஓர் எளிய கணக்கு உண்டு: எட்டு வால்வுகளில் எதைச் சரிசெய்ய வேண்டுமோ, அதோடு கூட்டினால் 9 வரும் எண்ணுள்ள வால்வு முழுதாக அமுங்கியிருக்க வேண்டும். 8ஆவது அமுங்கியிருந்தால் 1ஐயும், 6ஆவது அமுங்கியிருந்தால் 3ஐயும் பார்க்கலாம். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜில் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு, எஞ்சின் சூடாக இருக்கும்போது.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் இரட்டை எஸ்யூ கார்புரேட்டரைச் சரிசெய்த நாட்களைத்தான் இந்த வேலையிலேயே நான் மிகவும் விரும்பினேன். காது, விரல், ஒரு ரப்பர் குழாய் ஆகியவை போதும். குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை முதலில் ஒரு கார்புரேட்டரின் வாயிலும் பிறகு மற்றதன் வாயிலும் காட்டினால், காற்று இழுக்கும் சீறல் இரண்டிலும் ஒரே சுருதியில் கேட்க வேண்டும். அதன்பிறகு ஒரு கார்புரேட்டரின் பிஸ்டனை அடியிலுள்ள ஊசியால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, மிக மெல்லத் தூக்க வேண்டும். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. இலேசாகக் கூடிப் பழைய நிலைக்கே திரும்பினால் கலவை சரி. சரியில்லை என்றால், பெட்ரோல் வரும் ஜெட்டுக்குக் கீழுள்ள ஆறுமுக நட்டை ஒரு முகம் மட்டும் திருப்பிவிட்டு மறுபடி கேட்க வேண்டும். ஆனால் திராட்டில் தண்டு தேய்ந்து பக்கவாட்டில் ஆடினால், அந்தச் சந்தில் காற்று புகுந்து எந்தச் சரிசெய்தலும் நிலைக்காது. என்னுடையவை ஆடின, புதுத் தண்டும் புஷ்ஷும் போட்ட பிறகே சுருதி சேர்ந்தது.

மேம்பாடு என்று வரும்போது நான் எனக்கு விதித்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே: எதை மாற்றினாலும், பின்னால் வேறொருவர் வெட்டாமல் துளைக்காமல் பழையபடி ஆக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இதன்படி, 8 சிலிண்டர் எஞ்சினை ஏற்றுவது, ஐந்து கியர் பெட்டியைப் புகுத்துவது போன்ற ஆசைகள் முதலிலேயே விழுந்துவிட்டன. காரில் ஏற்கெனவே ஓவர்டிரைவ் இருந்தது. மூன்றாம், நான்காம் கியர்களில் அது சேர்ந்தால் நெடுஞ்சாலையில் எஞ்சின் வேகம் கணிசமாகக் குறைகிறது. அது வேலை செய்யாமல் கிடந்ததற்குக் கியர்பாக்ஸ் மேலுள்ள ஒரு சுவிட்சே காரணம் என்பது தெரிந்ததும் பெரும் நிம்மதி. ஏனெனில் எம்ஜிபியில் எஞ்சினை இறக்காமல் கியர்பாக்ஸை மட்டும் தனியே எடுக்க வழியில்லை.

செய்தவற்றில் பாதிக்கு மேல் மின்சாரம் சார்ந்தவை. இந்தக் காரிலுள்ள லூகாஸ் நிறுவன மின்கருவிகளுக்கு 'இருளின் இளவரசன்' என்று இங்கே கேலிப்பெயர் உண்டு. என் அனுபவத்தில் இளவரசன் மேல் அவ்வளவு குற்றமில்லை. துருவேறிய எர்த் இணைப்புகளும், இடைக்காலத்தில் யாரோ முறுக்கிவிட்டுப் போன ஒட்டுகளுமே பெருங்குற்றவாளிகள். பழுப்பு எப்போதும் உயிருள்ள ஒயர், வெள்ளை சாவி திறந்ததும் உயிர்பெறுவது, பச்சை அதே மின்சாரம் ஃபியூஸ் வழியாக வருவது, கறுப்பு எர்த் என்ற நிறமுறையை மனத்தில் வாங்கிக்கொண்டால் வரைபடம் தானாகப் புரியும். தலைவிளக்குகளுக்கு ஃபியூஸே இல்லாமல், முழு மின்சாரமும் ஸ்டியரிங் பக்கத்துச் சிறு சுவிட்ச் வழியாக ஓடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அங்கே ரிலேயும் ஃபியூஸும் சேர்த்ததில் பாதுகாப்போடு வெளிச்சமும் கூடியது. இருக்கைகளுக்குப் பின்னால் தரைக்கடியில் இருந்த இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளுக்குப் பதில் ஒரே 12 வோல்ட் பேட்டரி வந்தது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தீப்பொறிக்காக மின்சாரத்தைத் துண்டித்துத் தரும் பாயிண்ட்டையும் அதன் கண்டன்சரையும் எடுத்துவிட்டு மின்னணு இக்னிஷன் போட்டேன். இப்போது கிடைக்கும் கண்டன்சர்களில் சில பெட்டியிலிருந்து எடுத்த மாதமே கைவிடுகின்றன. பழைய பாயிண்ட் தட்டைத் தூக்கி எறியாமல் டிக்கியில் வைத்திருக்கிறேன்.

முன் சஸ்பென்ஷனின் கீழ்க் கைகளில் ரப்பர் புஷ்ஷுக்குப் பதில் எம்ஜிபி வி8 காருக்கென வந்த புஷ்ஷைப் போட்டதில் வளைவுகளில் ஸ்டியரிங்கின் உறுதி கூடியது. பிரேக்கில் மேம்பாடு எதுவும் செய்யவில்லை. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்ற அமைப்பே இந்த எடைக்குப் போதும். ஆனால் ஒரே ஒரு சுற்றுதான் என்பதால் எங்கே கசிந்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். ஆகவே இரும்புக் குழாய்களை எல்லாம் செம்பு-நிக்கல் குழாய்களாகவும், ரப்பர் குழாய்களைப் புதிதாகவும் மாற்றாமல் சாலையில் இறக்கவில்லை. 2021 செப்டம்பர் முதல் இங்கே சாதாரணப் பெட்ரோலில் 10 விழுக்காடுவரை எத்தனால் கலப்பதால், பெட்ரோல் ஓடும் ரப்பர் குழாய்களையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றி, எத்தனால் குறைந்த சூப்பர் ரகத்தையே போடுகிறேன். 20 விழுக்காட்டுக்குப் போய்விட்ட இந்தியாவில் பழைய கார் வைத்திருப்பவர்கள் இந்தக் குழாய்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சட்ட விஷயத்தில் பிரிட்டன் பழைய காருக்கு இரக்கம் காட்டுகிறது. 40 ஆண்டு கடந்த காரை விண்ணப்பித்து வரலாற்று வாகனமாக வகைமாற்றிக்கொண்டால் சாலைவரி கிடையாது. அமைப்பில் பெரிய மாற்றம் செய்யாதவரை ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி என்ற வாகனத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. 2023 ஆகஸ்டில் லண்டன் முழுவதற்கும் விரிந்த மாசுக் கட்டணத்திலிருந்தும் விலக்கு உண்டு. 2012இல் வந்த டீசல் காருக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்டும் என் பக்கத்து வீட்டுக்காரர், புகை வாசனையோடு புறப்படும் என் காருக்குக் கட்டணமே இல்லை என்று கேட்டுச் சிரித்த சிரிப்பில் நட்பு கொஞ்சம் குறைவாகவே இருந்தது. சோதனை கட்டாயமில்லை என்றாலும் நானே பணம் கட்டிக் கொண்டுபோய் நிறுத்தினேன். சொந்தக் கையால் பற்றவைத்த ஸில்லையும், பொருத்திய பிரேக் குழாயையும் வேறொரு கண் பார்ப்பது நல்லது.

சோதனையில் தேறியது. முன்பக்க வலது டாம்பரில் (ஷாக் அப்சார்பரில்) இலேசான எண்ணெய்க் கசிவு இருப்பதாக மட்டும் குறிப்பு எழுதித் தந்தார்கள். இந்தக் காரில் முன் டாம்பரின் கைதான் சஸ்பென்ஷனின் மேல் கையாகவும் நிற்கிறது என்பதால் அதை வெறும் கசிவு என்று விட்டுவிட முடியாது. இப்போதைக்கு எண்ணெய் நிரப்பி ஓட்டுகிறேன், முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்கு 3000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்கிறேன். குளிர்காலத்தில் காரைக் கராஜில் ஏற்றியதும் இரண்டு டாம்பரையும் சேர்த்தே கழற்றிப் புதுப்பிக்கக் கொடுக்க வேண்டும்.