சித்தப்பாவின் ரிப்போர்ட்

நேற்று மத்தியானம் வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நின்ற அரை மணித்தியாலத்தில் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் சிறுநீர் கடும் மஞ்சள். உடம்பில் தண்ணீர் குறைந்தால் இரத்தம் செறிவாகும், மூளை அதை உணர்ந்து ஒரு ஹோர்மோனை அனுப்பும், சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடாமல் திரும்ப இழுத்துக்கொள்ளும். நாங்கள் கேட்காமலே நடக்கிற வேலை.

ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 இலட்சம் நெஃப்ரோன்கள், அதாவது நுண்ணிய வடிகட்டிகள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் முடிச்சு. இரண்டு சிறுநீரகத்திலும் சேர்த்து அவற்றின் வழியாக ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லீற்றர் திரவம் வடிகிறது. எங்கள் உடம்பில் உள்ள மொத்த இரத்தமே 5 லீற்றர் அளவுதான்! வடிந்ததில் 99 வீதம் திரும்ப இரத்தத்துக்கே போகிறது. யூரியா போன்ற கழிவோடு வெளியேறுவது ஒன்றரை லீற்றர் அளவு. வடிகட்டுவதைவிட, எதை எவ்வளவு திரும்ப எடுப்பது என்ற அந்தக் கணக்குத்தான் எனக்குப் பெரிய அதிசயம்.

சித்தப்பாவுக்கு பத்து வருடமாகச் சீனி வருத்தம். நோவில்லை, வீக்கமில்லை என்று சிறுநீரகத்தைச் சோதிக்கவே இல்லை. போன மாதம்தான் இரத்தத்தில் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு, கூடியிருப்பது தெரிந்தது. அந்த முடிச்சுகள் பழுதாகும்போது சிறுநீரில் புரதம் கசியும், ஆனால் வலி இருக்காது. "முதலே பார்த்திருக்கலாம் மகன்" என்றார். என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

வீட்டில் சீனி, பிரஷர் உள்ளவர்கள் இருந்தால் வருடத்துக்கு ஒரு தடவையாவது கிரியேட்டினின், சிறுநீர்ப் புரதம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.