17ஆம் டோக்கன்

நேற்று மாலை தண்டையார்பேட்டை கிளினிக்கில் 17ஆம் டோக்கன். காசிமேட்டிலிருந்து வந்த அக்கா, "ஒத்தைத் தலைவலி டாக்டர், உயிர் போகுது" என்றார். எனக்கும் அப்போதுதான் இடது ஓரத்தில் வெள்ளிக் கோடு ஒன்று வளைந்து வளைந்து மினுங்கத் தொடங்கியிருந்தது. இனி ஒரு 20 நிமிடம் சீட்டில் பாதி எழுத்து தெரியாது, அப்புறம் வலி. டியூப்லைட்டை அணைக்கச் சொன்னேன். கரண்ட் போய்விட்டதென்று வெளியே ஒரே சத்தம்.

"பாராசிட்டமாலை மாசத்துல 15 நாள், மூணு மாசத்துக்கு மேல போட்டா அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும்" என்று விளக்கினேன். டிராயரில் என் சொந்த அட்டை, பத்தில் இரண்டுதான் மிச்சம். (டாக்டர் தலைவலி என்று லீவு கேட்டால் சிரிப்பார்கள்.)

"நீங்க என்ன போடுவீங்க டாக்டர்?"

முழங்காலால் டிராயரைத் தள்ளி மூடினேன். அக்கா பார்த்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.